நிழலில் வைத்த செடி சரியாக வரவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

சென்னைப் புறநகர் வீடுகளில் மதிலுக்கும் சுவருக்கும் நடுவே விடும் நாலைந்து அடிச் சந்து, படிக்கட்டுக்குக் கீழே உள்ள இடம், மாமரத்தடி, வடக்குப் பார்த்த பால்கனி. தோட்டம் பார்த்துத் தரச் சொல்லிக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் கடைசியில் என்னைக் கொண்டுபோய் நிறுத்துவது இந்த நாலில் ஒன்றில்தான். "இங்கே மட்டும் எதை வைத்தாலும் போய்விடுகிறது" என்பார்கள். நானும் என் வீட்டுச் சந்தில் மூன்று வருடம் இதையே சொல்லிக்கொண்டு இருந்தவன். ரோஜா போனது, துளசி போனது, கடைசியில் மணி பிளான்ட்கூட அழுகியது.

ஒரே கோளாறைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் ஒரு வரிசை பழகிவிட்டது. கீழே உங்கள் செடி காட்டும் அறிகுறியைத் தேடுங்கள். அதன் கீழ் காரணங்களைச் செலவில்லாதது முதல் செலவு பிடிப்பது வரை அடுக்கியிருக்கிறேன். மேலிருந்து கீழே வாருங்கள், காரணம் பிடிபட்ட இடத்தில் நின்றுவிடுங்கள். ஒரே நாளில் உரமும் போட்டு, இடமும் மாற்றி, மருந்தும் அடித்தால் எது குணமாக்கியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போய்விடும்.

## செடியைத் தொடுவதற்கு முன்

இரண்டே சோதனை. இரண்டுக்கும் காசு தேவையில்லை.

வெள்ளைத் தாள். பகல் 11 மணிக்கும் 1 மணிக்கும் நடுவே, செடி இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். அதற்கு ஓர் அடி மேலே கையை விரித்துப் பிடியுங்கள். விரல் விரலாகக் கூர்மையான நிழல் விழுந்தால் அது வெயில் படும் இடம். கை என்று தெரிகிற அளவுக்கு மங்கலாக விழுந்தால் அதை வெளிச்ச நிழல் என்று வைத்துக்கொள்வோம். நிழலே தெரியவில்லை என்றால் அடர் நிழல். இனி இந்தப் பெயர்களைத்தான் பயன்படுத்தப் போகிறேன்.

சாக்பீஸ். காலை 8, 10, 12, மாலை 2, 4 மணிக்கு வெயிலின் எல்லையைத் தரையில் கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதுங்கள். நேர் வெயில் மொத்தம் எத்தனை மணி நேரம் விழுகிறது, அது காலை வெயிலா, பிற்பகல் வெயிலா என்று ஒரே நாளில் தெரிந்துவிடும்.

எந்த மாதத்தில் கோடு போட்டீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் நடுப்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அங்கிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை அது வடக்குப் பக்கம் சாய்ந்தே நிற்கும். மார்கழியில் தெற்கே இறங்கிவிடும்; அப்போது 10 அடிச் சுவரின் நிழல் நண்பகலிலேயே வடக்கே 7 அடிக்கு மேல் நீளும். அதாவது, டிசம்பரில் வீடு பார்த்து "வடக்குப் பக்கம் முழுக்க நிழல்" என்று நீங்கள் முடிவு செய்த அதே இடம் மே மாதத்தில் வெயிலில் காயும். மதுரைக்குத் தெற்கே போகப் போக இந்த மாற்றம் இன்னும் சில நாள் முன்னதாகவே தொடங்கிவிடும்.

## அறிகுறி: தண்டு நீண்டுகொண்டே போகிறது, இலைகள் எட்ட எட்ட நிற்கின்றன

முதலில் கணுவைப் பாருங்கள். வாங்கும்போது இருந்த கீழ்த் தண்டில் ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் எவ்வளவு இடைவெளி, இப்போது வந்த மேல் தண்டில் எவ்வளவு என்று விரலால் அளந்து பாருங்கள். மேலே இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் வெளிச்சம் பற்றவில்லை. இடைவெளி ஒரே அளவாக இருந்து, செடி ஒரு பக்கமாக மட்டும் சாய்ந்திருந்தால் பெரிய குறை எதுவும் இல்லை. வாரம் ஒரு முறை தொட்டியைக் கால் சுற்று திருப்பி வைத்தால் போதும்.

சந்தின் சுவர் என்ன நிறம்? வெள்ளையடிக்காத சிமென்ட் பூச்சும் பாசி பிடித்த மதிலும் வெளிச்சத்தை விழுங்கிவிடும். எதிர்ச் சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு ஒரு கோட் அடித்துப் பாருங்கள். அடர் நிழலாக இருந்த சந்து வெளிச்ச நிழலாக மாறியதை அந்தத் தாள் சோதனையிலேயே பார்த்திருக்கிறேன். செடி மாற்றுவதைவிட இது மலிவு.

தொட்டியை உயர்த்த முடியுமா? மதில் ஓரத்தில் தரையில் இருப்பதை மூன்றடி ஸ்டாண்டில் ஏற்றினாலே வானம் தெரியும். செடியின் உயரத்துக்குக் குனிந்து, அங்கிருந்து மேலே பாருங்கள். உங்கள் கண்ணுக்கு எவ்வளவு வானம் தெரிகிறதோ, செடிக்கும் அவ்வளவுதான்.

மேலே உள்ள கொப்புகளைக் கழிக்கலாமா? வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர்கள் அகத்தியை நட்டு, அதில் கொடியை ஏற்றி, நிழல் கூடும்போது அகத்திக் கொப்புகளைக் கழித்துவிடுவார்கள். நிழலைத் தேவைக்கு ஏற்ப வைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. கைக்கு எட்டும் சின்னக் கொப்புகளை நீங்களே கழிக்கலாம்.

எதுவும் முடியவில்லையா? அப்போது செடியை மாற்றத்தான் வேண்டும். துளசி, கறிவேப்பிலை, ரோஜா, கத்தரி, தக்காளி ஆகியவற்றை அங்கிருந்து எடுத்து மாடியில் வையுங்கள். அடர் நிழலுக்கு என் கையில் தோற்காதவை நாலு: பாம்புக் கற்றாழை, ஜீஜீ (ZZ) செடி, பச்சை இலை அக்லோனிமா, ராபிஸ் பாம். வெளிச்ச நிழல் கிடைத்தால் பட்டியல் பெரிதாகும். வெற்றிலை, திப்பிலி, ரம்பை, வல்லாரை, சேம்பு, ஃபெர்ன், சிங்கோனியம், பீஸ் லில்லி எல்லாம் வரும். சமையலுக்கு வேண்டும் என்றால் புதினாவும் கற்பூரவல்லியும் காலையில் இரண்டு மணி நேர வெயில் இருந்தாலே போதும் என்று இருந்துவிடும். மஞ்சளையும் இஞ்சியையும் வைகாசியில் ஊன்றலாம். நிழலில் கிழங்கு சிறுக்கும். ஆனால் பொங்கல் பானையில் கட்ட இலையோடு கூடிய மஞ்சள் கொத்து நிச்சயம் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. டிஃபன்பாக்கியா நிழலில் அழகாக வரும். ஆனால் அதன் இலையையோ தண்டையோ குழந்தை கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். தவழும் குழந்தையோ நாயோ பூனையோ இருக்கும் வீட்டில் நான் அதை வைப்பதில்லை.

## அறிகுறி: கீழ் இலைகள் மஞ்சளாகின்றன, மண் காயவே இல்லை

நிழல் தோட்டத்தில் நான் பார்க்கும் சாவுகளில் பெரும்பாலானவை இந்தத் தலைப்பின் கீழ்தான் வரும். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

மாடியில் வெயிலில் இருக்கும் தொட்டிக்குத் தினமும் ஒரு சொம்பு ஊற்றும் கை, கீழே வந்து நிழல் தொட்டிக்கும் அதே சொம்பை ஊற்றும். மாடியில் மாலைக்குள் காய்ந்துவிடுகிற தண்ணீர் சந்தில் ஐந்து நாள் ஆனாலும் நிற்கும். இலை மஞ்சளாகும். அதைப் பார்த்துப் "பாவம், தண்ணீர் போதவில்லை" என்று இன்னொரு சொம்பு ஊற்றுவார்கள். அடுத்த வாரம் செடி கையோடு பெயர்ந்து வரும்.

விரல் சோதனை. ஆட்காட்டி விரலை இரண்டாவது ரேகை வரை மண்ணில் விடுங்கள். ஈரம் ஒட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம். பெரிய தொட்டியாக இருந்தால் துடைப்பக்குச்சி ஒன்றை அடிவரை செருகி, பத்து நிமிடம் கழித்து உருவுங்கள். குச்சி கறுத்து, மண் ஒட்டி வந்தால் அடியில் ஈரம் இருக்கிறது. மேல் மண் வெளுத்திருப்பதை நம்பாதீர்கள்.

தொட்டியைச் சுற்றிக் குட்டிக் குட்டியாகக் கறுப்பு ஈ பறக்கிறதா? ஈரம் ஓயாத மண்ணில்தான் அது முட்டையிடும். மருந்து வேண்டாம். மேல் இரண்டு அங்குல மண் காயும்வரை தண்ணீரை நிறுத்துங்கள், ஈ தானாகக் குறையும்.

அடித் தட்டு. தரை கறைபடக் கூடாது என்று வைத்த தட்டில் தண்ணீர் நிற்கிறதா? கொட்டுங்கள். வேரும் மூச்சுவிடும், கொசுவும் முட்டையிடாது.

துவாரம். தொட்டியைச் சாய்த்து அடியைப் பாருங்கள். வேரோ மண்ணோ துவாரத்தை அடைத்திருந்தால் ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். புதிதாக வாங்கிய பிளாஸ்டிக் தொட்டிகளில் துவாரம் அடையாளம் மட்டும் போட்டிருப்பார்கள், துளைத்திருக்க மாட்டார்கள். இரண்டு வருடம் துவாரமே இல்லாத தொட்டியில் இருந்த அரக்கா பாம் ஒன்றை ஒருமுறை கவிழ்த்தேன். சாக்கடை வாடை அடித்தது. அடியில் நாலு விரல் கடைக்குக் கறுப்பு நீர்.

வேரைப் பாருங்கள். இதுவரை காரணம் கிடைக்கவில்லை என்றால் செடியை மண்ணோடு வெளியே எடுங்கள். வெள்ளையாகவோ வெளிர் பழுப்பாகவோ, இழுத்தால் அறுபடாமல் இருந்தால் நல்ல வேர். கறுத்து, கொழகொழவென்று, பிடித்து இழுத்தால் தோல் மட்டும் கழன்று நடுவில் நூல் மாதிரி நின்றால் அழுகிய வேர். அழுகியதை நல்ல வேர் தெரியும்வரை வெட்டுங்கள். இலையிலும் பாதியைக் குறையுங்கள். முக்கால்வாசி வேர் போயிருந்தால் செடியை விட்டுவிட்டு, மேல் தண்டில் நல்ல துண்டு ஒன்றை வெட்டித் தனியாகப் பதியுங்கள்.

மண்கலவை. நிழல் தொட்டிக்கு வெறும் செம்மண் ஆகாது, இறுகிப்போகும். எல்லாத் தொட்டிக்கும் நான் அடிப்படையாகப் போடுவது ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு தேங்காய் நார்க் கழிவு, ஒரு பங்கு மண்புழு உரமோ மட்கிய தொழு உரமோ, அரைப் பங்கு பருமணலோ உடைத்த செங்கல் துண்டோ. வெயில் தொட்டிக்கு நார்க் கழிவைக் கூட்டுவேன், நிழலுக்குக் குறைத்து மணலைக் கூட்டுவேன்.

தொட்டியில் கோளாறே இல்லை, தரை மண்ணே நசநசவென்று இருக்கிறதா? ஏசியின் சொட்டுநீர்க் குழாய் அங்கே விழுகிறதா பாருங்கள். ஒரு முழம் குழாய் மாட்டித் திருப்பிவிட்டால் தீர்ந்தது. அதுவும் இல்லையென்றால் ஒரு வாரம் தண்ணீர் ஊற்றாமல், மழையும் இல்லாமல் விட்டுப் பாருங்கள். அப்போதும் மண் ஈரமாகவே இருந்தால் குழாய் எங்கோ கசிகிறது. மோட்டார் போட்டு மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியை நிறைத்து, வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடி, மீட்டர் இருந்தால் அது ஓடுகிறதா என்று பார்க்கலாம்.

எப்போது ஆள் கூப்பிட வேண்டும்: சுவரின் அடிப்பகுதியில் வெள்ளைப் பூப்பூத்து உப்பு உதிர்ந்தால், குளியலறைச் சுவரை ஒட்டி மட்டும் ஈரம் இருந்தால், பிளம்பர். மண்ணில் சாக்கடை வாடை நின்று, செப்டிக் டேங்க் பக்கத்தில் இருந்தால் அன்றே கூப்பிடுங்கள். அந்த மண்ணில் வளர்ந்த கீரையையும் வல்லாரையையும் பறித்துச் சாப்பிடாதீர்கள்.

## அறிகுறி: இலை பச்சையாகத்தான் இருக்கிறது, நுனி மட்டும் பழுப்பாகக் காய்கிறது

தொட்டி விளிம்பிலும் மண் மேலும் வெள்ளைப் படிவு இருக்கிறதா? போர் தண்ணீர் உப்பு. சன்ஷேடுக்குக் கீழே இருக்கும் தொட்டிக்கு மழையும் படாது, நாமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவோம். உப்பு கழுவிப் போக வழியே இல்லாமல் சேர்ந்துகொண்டே இருக்கும். ஸ்பைடர் செடி, காலத்தியா, மராந்தா, டிரசீனா ஆகியவைதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

தொட்டியை வெளியே எடுத்து, அதன் கொள்ளளவில் மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடிவழியே ஓடவிடுங்கள். மழைநீர் என்றால் மிகவும் நல்லது. ஐப்பசி மழையில் தொட்டிகளை ஓர் இரவு முற்றத்தில் வைத்துவிட்டால் வேலையே இல்லை. மற்ற மாதங்களில் ஏசியிலிருந்து வடியும் தண்ணீரைப் பிடித்து ஊற்றலாம். அது காற்றின் ஈரம் குளிர்ந்து வடிந்தது, உப்பு இருக்காது.

ஆர்ஓ கழிவு நீரை ஊற்றுகிறீர்களா? தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் குடிநீரிலிருந்து பிரித்த உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. அதை வாசல் கழுவவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள், தொட்டிக்கு வேண்டாம்.

அளந்து பார்க்க: ஆர்ஓ சர்வீஸுக்கு வருகிறவரிடம் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இருக்கும். போர் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து நீட்டினால் அங்கேயே அளந்து சொல்லிவிடுவார். 500-க்குள் என்றால் யோசிக்கவே வேண்டாம். 1000-ஐத் தாண்டினால் காலத்தியாவை மறந்துவிட்டுப் பாம்புக் கற்றாழைக்குப் போங்கள். செடிக்காக மட்டும் தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி வாங்காதீர்கள்.

## அறிகுறி: இலை கொழுகொழுவென்று இருக்கிறது, பூ மட்டும் இல்லை

சாக்பீஸ் கோட்டைப் பாருங்கள். ரோஜாவுக்கும் மல்லிகைக்கும் ஆறு மணி நேர நேர் வெயில் வேண்டும். செம்பருத்தி நாலு மணி நேரத்தில் நாலு பூ கொடுக்கும், அதற்குக் கீழே போனால் இலையோடு நின்றுவிடும். வெயில் இல்லாத இடத்தில் எந்த உரம் போட்டாலும் பூ வராது. இந்த ஒரு விஷயத்தில்தான் வீடுகளில் அதிகப் பணம் வீணாவதைப் பார்க்கிறேன். பூக்கவில்லை என்று உரம், அப்புறம் பூக்க வைக்கும் டானிக், அப்புறம் வேறு ரகம்.

வெயில் போதுமான அளவு இருக்கிறது, இருந்தும் பூ இல்லையா? யூரியாவோ சாணமோ கூடுதலாகப் போகிறதா பாருங்கள். இரண்டு மாதம் நிறுத்திவைத்து, நுனியைக் கவாத்து செய்யுங்கள், அதாவது வெட்டிவிடுங்கள்.

வெயில் இல்லை, ஆனாலும் பூ வேண்டுமா? கனகாம்பரமும் டிசம்பர் பூவும் காலை வெயில் கொஞ்சம் பட்டால் சந்திலும் பூக்கும். நந்தியாவட்டை பாதி நிழலில் பூசைக்குப் போதுமான பூ தரும், பவளமல்லியும் அப்படித்தான். வெளிச்ச நிழலில் பீஸ் லில்லியும் ஆந்தூரியமும் வரும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் நான் வைக்கச் சொல்வது நிஷாகந்தி. பிரம்ம கமலம் என்று இங்கே சொல்வார்கள். மதில் நிழலில் சப்பையான தண்டோடு ஒன்றும் இல்லாதது போலக் கிடக்கும். ஒரு நாள் மாலை மொட்டு கழுத்தை நிமிர்த்தும். இரவு ஒன்பது, பத்து மணிக்கு உள்ளங்கை அளவுக்கு வெள்ளையாக விரியும், சந்து முழுக்க வாசம் நிற்கும், விடிவதற்குள் தொங்கிவிடும். என் பக்கத்து வீட்டு அத்தை அந்த இரவில் தெருவையே கூப்பிட்டுக் காட்டுவார்.

## அறிகுறி: வண்ண இலை வாங்கினேன், வெறும் பச்சையாகிவிட்டது

குரோட்டன், கோலியஸ், சிவப்பு அக்லோனிமா, மஞ்சள் தெளித்த மணி பிளான்ட் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான், வெளிச்சம் குறைவு. செடிக்கு நோய் இல்லை. வெளிச்ச நிழலுக்கு நகர்த்துங்கள். பச்சையாகிப்போன இலை திரும்ப நிறம் மாறாது, புதிதாக வரும் இலையைத்தான் பார்க்க வேண்டும். ஒரு மாதம் பொறுங்கள். குரோட்டன் மட்டும் நேர் வெயிலையே கேட்கும். நகர்த்த இடமில்லை என்றால் வெள்ளை நரம்போடு வரும் சிங்கோனியத்தையோ வெள்ளி இலை அக்லோனிமாவையோ வையுங்கள், குறைந்த வெளிச்சத்திலும் அவற்றின் இலை பளிச்சென்று தெரியும்.

## அறிகுறி: நிழல் செடியில் திடீரென்று வெள்ளைத் திட்டு, காகிதம் மாதிரி காய்கிறது

என்ன மாதம்? மே 4-ஐ ஒட்டித் தொடங்கும் கத்தரி வெயிலில் வீட்டின் வடக்குப் பக்கச் செடியைப் பற்றிப் போன் வந்தால், பார்க்காமலே சொல்லிவிடுவேன். மேலே சொன்ன அந்த வடக்கு வெயில்தான். வருடம் முழுக்க வெயிலே அறியாத இலையில் நேராக விழுந்தால் இரண்டே நாளில் வெந்துவிடும். சித்திரை பிறந்ததும் 50 சதவீத நிழல்வலையை மதிலிலிருந்து சன்ஷேடுக்குக் கட்டிவிடுங்கள். ஆவணியில் கழற்றிவிடலாம்.

திட்டு ஒரு பக்க இலைகளில் மட்டுமா? ஏசி வெளி யூனிட்டின் காற்று படுகிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். அந்த அனலுக்கு எதிரே எந்தச் செடியும் நிற்காது. நாலடி தள்ளி வையுங்கள்.

வாங்கி இரண்டு வாரம்தான் ஆகிறதா? நர்சரியில் பச்சை வலைக்கு அடியில் இருந்ததை நேரே வாசலில் வைத்திருப்பீர்கள். வெயிலில் வளர்ந்ததை நேரே அடர் நிழலில் வைத்தாலும் இலை கொட்டும். எந்தப் பக்கம் மாற்றினாலும் பத்துப் பதினைந்து நாள் நடுவில் ஓரிடத்தில் வைத்துப் பழக்குங்கள். கூடவே, கறுப்புப் பையில் வரும் செடியின் வேரைச் சுற்றி இறுகிய களிமண் உருண்டை இருக்கிறதா என்று நடும்போது பாருங்கள். அதை அப்படியே நட்டால் வெளி மண் காய்ந்தும் உருண்டை ஈரமாகவும், இல்லையென்றால் நேர்மாறாகவும் இருக்கும். வாளித் தண்ணீரில் ஊறவைத்து, வேர் அறுபடாமல் பாதி மண்ணைக் கரைத்துவிட்டு நடுங்கள்.

## அறிகுறி: இலையில் வெள்ளைப் பஞ்சு, அல்லது விடிந்து பார்த்தால் ஓட்டை

பஞ்சு மாதிரி கணுக்களில் ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. எறும்பு மேலே கீழே ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றிரண்டு இலை என்றால் மருந்துக்கடை ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடையுங்கள். அதிகமாக இருந்தால் குழாயை வேகமாகப் பீய்ச்சிக் கழுவி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். ஏழு நாளுக்கு ஒரு முறை, மூன்று முறை. அப்போதும் திரும்ப வந்தால் வேரில் இருக்கிறது, மண்ணை மாற்றுங்கள்.

ஓட்டை விழுந்து, சுவரில் வெள்ளியாக மின்னும் கோடு இருந்தால் நத்தை. மழைக்காலத்தில் ஆப்பிரிக்கப் பெருநத்தை ஒரே இரவில் ஒரு தொட்டி வல்லாரையை முடித்துவிடும். நனைத்த கோணிச் சாக்கை இரவில் சந்தில் விரித்து வையுங்கள். காலையில் அடியில் கூடியிருக்கும். வெறுங்கையால் தொடாதீர்கள், அவை நோய்ப் புழுக்களைச் சுமக்கக் கூடியவை. கையுறை போட்டு எடுத்து உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள்.

## அறிகுறி: மாமரத்தடியில் இலையெல்லாம் பிசுபிசு, அப்புறம் கறுப்புப் படலம்

தை, மாசியில் மாமரம் பூக்கும்போது இது வரும். இலை மேல் விரலை வைத்தால் ஒட்டும். சில நாளில் கரி பூசியது போலாகும். கீழே உள்ள செடிக்கு மருந்து அடிக்கத் தொடங்கிவிடுவார்கள். அண்ணாந்து பாருங்கள். பூங்கொத்தைத் தட்டினால் ஆப்பு வடிவத்தில் சின்னத் தத்துப்பூச்சிகள் படபடவென்று பறக்கும். அவை சாற்றை உறிஞ்சி வெளியேற்றும் இனிப்புக் கழிவுதான் கீழே சொட்டுகிறது. அதன் மேல் கரும்பூஞ்சணம் வளர்கிறது.

கீழே உள்ள இலைகளை ஈரத்துணியால் துடைத்தால் படலம் உரிந்து வரும், அடியில் இலை நன்றாகவே இருக்கும். அந்த இரண்டு மாதமும் தொட்டிகளை மரத்தின் விரிவுக்கு வெளியே நகர்த்துங்கள். 25 அடி மரத்துக்கு மருந்து தெளிப்பதை நீங்களே ஏணி வைத்துச் செய்ய வேண்டாம். உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் எந்த மருந்து, எந்த நேரம் என்று கேட்டுக்கொண்டு, தெளிப்பான் வைத்திருக்கும் ஆளைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: மரத்தடியில் எது நட்டாலும் பிடிக்கவில்லை

மழைக்குப் பிறகு தோண்டிப் பாருங்கள். நல்ல மழை பெய்த மறுநாள் அடிமரத்திலிருந்து மூன்றடி தள்ளி ஒரு சாண் தோண்டுங்கள். பெரும்பாலும் மண் பொடியாக வரும். இலைக்கூட்டம் மழையைப் பிடித்துக்கொள்கிறது, வந்த மிச்சத்தை மரத்தின் வேர் குடித்துவிடுகிறது. நிழலுக்குப் பழகிய செடிகூட இங்கே தாகத்தில் போவது இதனால்தான். முதல் வருடம் இரண்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீர் ஊற்ற முடியுமா என்று யோசியுங்கள். முடியும் என்றால் மேலே போகலாம்.

உதிர்ந்த இலையைப் பெருக்கி எரிக்கிறீர்களா? நிறுத்துங்கள். நாலு அங்குலத்துக்கு மூடாக்காகப் பரப்பிவிடுங்கள், அடிமரத்தை ஒட்டி மட்டும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். ஒரு மழைக்காலம் போனால் அடி இலை கறுத்து மண்ணாகியிருக்கும். கையில் எடுத்து முகர்ந்தால் காட்டு வாசம்.

குழி கொத்தும்போது வேர் தட்டுகிறதா? கட்டைவிரலைவிடப் பருத்த வேரை வெட்டாதீர்கள். வேருக்கு நடுவே கிடைக்கும் சின்னச் சின்னப் பள்ளங்களில் சின்ன நாற்றாக நடுங்கள். அடியில் பாம்புக் கற்றாழை, ஸ்பைடர் லில்லி, ஃபெர்ன்; அடிமரத்தில் ஏற்றிவிட மணி பிளான்ட், திப்பிலி. பள்ளமே இல்லையென்றால் செங்கல் மேல் தொட்டி வைத்துவிடுங்கள், அதில் புதர் மிளகுகூட வரும். ஆனால் மரத்தைச் சுற்றித் திண்ணை கட்டி இரண்டடி மண் கொட்டாதீர்கள். வேர் மூச்சுமுட்டி, அடிமரம் ஈரத்தில் அழுகி, இரண்டு மூன்று வருடத்தில் மரமே பட்டுப்போவதைப் பார்த்திருக்கிறேன். கீழே நாலு செடிக்காக முப்பது வருட மாமரத்தை இழந்த வீடு அது.

நிழல் ரொம்ப அடர்த்தியா? தாள் சோதனையில் கை நிழலே தெரியவில்லை என்றால் கவாத்து தேவை. காய்ப்பு முடிந்த ஆடி, ஆவணிதான் மாமரத்துக்குச் சரியான நேரம். உள்பக்கம் குறுக்கும் நெடுக்குமாகப் போகும் கொப்புகளையும் காய்ந்ததையும் எடுத்தாலே புள்ளிப் புள்ளியாக வெளிச்சம் இறங்கும்.

எப்போது ஆள் கூப்பிட வேண்டும்: கொப்பு உங்கள் கையைவிடப் பருமனாக இருந்தால், தலைக்கு மேல் உயரத்தில் இருந்தால், மரம் ஏறத் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும். கயிறு கட்டி இறக்குவாரா என்று முதலிலேயே கேளுங்கள், வெட்டித் தள்ளிவிடுகிறவர் வேண்டாம். மின்கம்பி பக்கத்தில் போகிறது என்றால் அவரும் ஏறக் கூடாது. மின்வாரியத்துக்குச் சொல்லி, இணைப்பைத் துண்டித்த பிறகுதான். மதிலுக்கு வெளியே தெருவில் நிற்கும் மரமாக இருந்தால் மாநகராட்சியிடமோ ஊராட்சியிடமோ எழுதிக் கேளுங்கள். அடிமரத்தில் காளான் முளைத்திருந்தாலோ, தட்டினால் பொந்துச் சத்தம் கேட்டாலோ, செடி நடும் வேலையை நிறுத்திவிட்டு முதலில் மரத்தைக் காட்டுங்கள்.

கவாத்து முடிந்த மறுநாளே நட்டுவிடாதீர்கள். பத்து நாள் விட்டு மறுபடி தாளை வைத்துப் பாருங்கள், சாக்பீஸ் கோட்டையும் புதிதாகப் போடுங்கள். புரட்டாசியில் நட்டால் ஐப்பசி மழை பிடிப்பதற்குள் வேர் ஊன்றிவிடும்.